பெயர் வெட்டிய தாம்பாளமும் பாறைக்குள் வைக்கும் கழிவும்

1

இந்த ஊரில் தபால்காரர் வீட்டுக்கு வீடு வருவதில்லை. தெருமுனையில் இரும்புப் பெட்டிகளை அலமாரி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவரவர் சாவி அவரவரிடம். பனி உருகி வழுக்குகிறது, போக வேண்டாம் என்று மகன் சேகர் சொல்லியிருந்தான். நான் போனேன். வீட்டைவிட்டு நான் தனியாகப் போகிற இடம் அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெட்டியைத் திறந்தால் மேலாக ஒரு வழவழப்பான தாள். அதில் நான் இருந்தேன்.

யாரோ என் சாயலில் இருக்கிறாளே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு புடவையைப் பார்த்தேன். மருமகள் எடுத்துக்கொடுத்த ஊதாப் புடவை, அதன்மேல் சேகருடைய பழைய ஸ்வெட்டர். கையில் என் எவர்சில்வர் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ரவிக்கைத் துண்டு. எதிரே மஞ்சள் முடிக்காரி ஒருத்தி இரண்டு கையும் நீட்டி வாங்குகிறாள். பக்கத்துப் பெட்டியைத் திறந்த ஆள் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஊரில் உள்ள எல்லாப் பெட்டியிலும் நான் இருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த இரும்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துகளை என் வீட்டுக்காரர் பஸ் போர்டைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். எழுத்துக் கூட்டினேன். மேலே பெரிதாக 'வெல்கம்' என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஏதேதோ. நடுவில் 'கல்பாக்கம்' என்று எங்கள் ஊர்ப் பெயர்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் இருக்கிற அணு உலைகளில் எரித்து முடித்த கட்டைகளை எங்கேயாவது பாறைக்குள் ஆழமாகப் புதைத்துவைக்க வேண்டுமாம். எந்த ஊர் இடம் கொடுக்கும் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். கேட்கப்பட்ட ஊர்களில் நாங்கள் இருக்கிற இந்தச் சின்ன ஊரும் ஒன்று. நெடுஞ்சாலை, ஒரு ஏரி, மூடிப்போன மரம் அறுக்கிற மில், அவ்வளவுதான் ஊர். சரியா வேண்டாமா என்று ஊரார் ஓட்டுப் போட வேண்டும். அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அந்தத் தாள் வந்தது.

சாயங்காலம் சேகர் வந்ததும் தாளை அவன் முன்னால் வைத்தேன். "படி" என்றேன்.

"நல்லாத்தாம்மா போட்டுகிறாங்க. 'அணு உலைக்குப் பக்கத்திலயே பல காலம் வாழ்ந்தவங்க இவங்க. நம்ம ஊருக்குக் கிடங்கு வர்றத வரவேற்கிறாங்க'ன்னு கீது."

"யாரு வரவேற்கிறா?"

"நீதான்."

"நான் எப்ப சொன்னேன்?"

அவன் தாளை மடித்து வைத்தான். "சோறு போடும்மா, பசிக்கிது" என்றான்.

2

பொங்கல் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை கேரன் வந்தாள். கிடங்குக் கம்பெனியில் ஊராரோடு பேசுவதற்கென்றே வைத்திருக்கிற பெண். நாற்பது வயது இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. கூட ஒரு போட்டோக்காரன். சேகர்தான் அழைத்துவந்தான்.

கல்பாக்கத்தைப் பற்றிக் கேட்டாள். நான் மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னேன். என் வீட்டுக்காரர் ஏழுமலை ஸ்டாஃப் பஸ் ஓட்டினார். காலையில் சயின்டிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு போய் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். "என் வண்டி லேட்டானா மெட்ராசுக்கு கரண்டு லேட்டாவும்" என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிவார். அந்தச் சம்பளத்தில்தான் சேகர் படித்தான். உலை எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. எனக்கு சர்க்கரைகூடக் கிடையாது. இதையெல்லாம் சேகர் இங்கிலீஷில் சொல்ல, கேரன் எழுதிக்கொண்டாள்.

அவளும் விளக்கினாள். எரிந்த கட்டையைச் செம்புப் பாத்திரத்தில் போட்டு, சுற்றிலும் ஒருவகைக் களிமண் அடைத்து, பாறைக்கு உள்ளே, கிணறெல்லாம் தொடவே முடியாத ஆழத்தில் வைப்பார்களாம். எங்கள் பக்கம் விதைநெல்லைக் குதிரில் கொட்டி வாயைக் களிமண்ணால் பூசி மூடுவது ஞாபகம் வந்தது. "எப்போது திறப்பீர்கள்?" என்று கேட்டேன். திறக்கவே மாட்டார்களாம். எத்தனை காலத்துக்கு என்றால், லட்சம் வருஷம் என்றாள். சேகர் தப்பாகச் சொல்கிறான் என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். அதேதான். விருந்தாளியிடம் அதற்குமேல் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை வேறு. வீட்டுக்காரர் போன பிறகு நான் குங்குமத் தட்டு எடுப்பதில்லை, அது மருமகள் வேலை. அவள் முதியோர் இல்லத்தில் டியூட்டிக்குப் போயிருந்தாள். அதனால் குங்குமம் வைக்காமல், டொரோண்டோவிலிருந்து வந்து பிரிட்ஜில் கறுத்துக் கிடந்த வெற்றிலையில் நல்லதாக நாலு பொறுக்கி, பாக்கு, பழம், ரவிக்கைத் துண்டோடு தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தேன். போட்டோக்காரன் கேமராவைத் தூக்கினான். நான் நிமிர்ந்து நின்றேன்.

நம் ஊரில் என்ன செய்வோம்? தாம்பூலத்தைக் கையிலோ முந்தானையிலோ வாங்கிக்கொண்டு தட்டை அங்கேயே வைத்துவிடுவோம். கேரன் தட்டோடு வாங்கிக்கொண்டாள். நெஞ்சோடு அணைத்து "தேங்க்யூ, தேங்க்யூ" என்றாள். பதிலுக்குக் கம்பெனிப் படம் போட்ட நீலக் கோப்பை ஒன்றை என் கையில் வைத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டாள்.

அந்தத் தாம்பாளம் வீட்டுக்காரருக்கு வேலை நிரந்தரமானபோது திருக்கழுக்குன்றத்தில் வாங்கியது. கடைக்காரர் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக்கொடுத்தார்: து. ஏழுமலை, கல்பாக்கம். கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடு என்று கேட்க எனக்கு நா எழவில்லை. "நான் வாங்கியாறேம்மா" என்று சேகர் சொன்னான். வாங்கிவரவில்லை.

3

எதிர்வீட்டில் லிண்டா இருக்கிறாள். என் வயதுதான், அவளுக்கும் புருஷன் இல்லை. எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, அவளுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். மதியத்தில் வருவாள். நான் டீ போடுவேன். அவள் ஏதாவது பின்னுவாள். அவள் அப்பா, புருஷன், மகன் எல்லாரும் அந்த ஏரியில் மீன் பிடித்தவர்கள். மீனைச் சுத்தம் செய்து கொண்டுவந்து தருவாள். நான் மிளகாய்த்தூள் போட்டு வறுத்தால் கண்ணில் தண்ணீர் வரத் தின்பாள்.

தாள் வந்த மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் வீட்டு முன்னால் பலகை ஒன்று நட்டிருக்கிறாள். 'நோ' என்று சிவப்பில் பெரிதாக. நானே போய்க் கதவைத் தட்டினேன். திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. இந்த ஊர்க்காரர்கள் சத்தம் போட மாட்டார்கள். மெதுவாகத்தான் சொன்னாள், எனக்குப் புரிகிற வார்த்தைகளாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னாள்.

"நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். என் ஏரிப் பக்கம் அந்தக் கழிவை நீ வரவேற்றிருக்கிறாய். போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறாய்."

"நான் கொடுத்தது பழம்" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதற்குமேல் சொல்ல வரவில்லை.

"என்ன கொடுத்தாலும் அது இப்போது அவர்கள் ஆபீஸில் ஷோகேஸில் இருக்கிறது. போய்ப் பார்" என்றாள். நான் கொடுத்திருந்த ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். அதை என் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினாள்.

பாட்டிலோடு தெருவைக் கடந்தேன். ஷோகேஸில் என்றாளே, அது என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. என் வீட்டுக்காரர் பெயர் வெட்டின தட்டு. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றுகூட எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. அவர் பெயர் அங்கே போய் உட்கார்ந்து ஏற்கெனவே சரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறதே.

4

ஜுலேகாவுக்குப் போன் போட்டேன். எனக்குக் காலை, அவளுக்குச் சாயங்காலம். நாங்கள் இரண்டு பேரும் கல்பாக்கத்தை ஒட்டினாற்போல இருக்கிற சதுரங்கப்பட்டினத்தில் ஒரே தெருவில் பிறந்தவர்கள். என் அப்பாவுக்கு மளிகைக் கடை, அவள் அத்தாவுக்குத் துணிக் கடை. அவள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். விவரம் எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாமே, இந்த வயசுல நிச்சயதார்த்தம் பண்ணிகினியா? அதுவும் குப்பையோட?"

"சிரிக்காதடி. எனக்கு நெஞ்சு படபடன்னு கீது."

"பின்ன இன்னா? தட்டு கை மாறிச்சின்னா பேச்சு முடிஞ்சிதுன்னுதானே நம்ம பக்கம்? வெத்தல பாக்கு வெச்சி நீட்டிட்டு, 'நான் ஒண்ணும் சொல்லல'ன்றியே. அந்த வெள்ளக்காரிக்கு நம்ம பழக்கம் கரெக்டா புரிஞ்சிகீது. உனக்குத்தான் மறந்துபோச்சி."

அவள் சொன்னது நியாயம். வந்தவளுக்கு மரியாதை செய்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன். வந்தவள் ஒரு காரியத்தைப் பேச வந்திருந்தாள். பேச வந்தவர் கையில் தாம்பூலத் தட்டைக் கொடுத்தால் எங்கள் வழக்கப்படியும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"இப்ப இன்னா பண்றது?" என்றேன்.

"எங்க சின்னாத்தா பொண்ணு சம்பந்தம் முறிஞ்சப்போ இன்னா பண்ணாங்க? அவங்க குடுத்தத திருப்பிக் குடுத்துட்டு, நம்ம தட்ட வாங்கினு வந்தாங்க. அவ்ளோதான். வாயால வேணாம்னு நூறு தபா சொன்னாலும் தட்டு திரும்பி வரணும்."

பிறகு வேறு கதைக்குப் போய்விட்டோம். பீச்சுப் பக்கம் மணல் கரைந்துவிட்டது, மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் உட்கார இடமே இல்லை, முட்டி வலி. கோட்டைக்குள் இப்போது யாரையும் சமாதிப் பக்கம் விடுவதில்லை, பூட்டு போட்டிருக்கிறார்கள் என்றாள். "நம்ம வடகம் காய வெச்ச கல்லுக்குப் பூட்டு" என்றாள். போனை வைத்த பிறகு அந்தக் கல் என் மனசை விட்டுப் போகவில்லை.

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை டச்சுக்காரர்கள் கட்டியது. இடிந்து கிடக்கும். உள்ளே அவர்கள் சமாதிகள். பெரிய பெரிய கருங்கல் பலகைகள், நிறைய எழுத்து வெட்டியிருக்கும். ஒன்றில் மண்டையோடு மாதிரி ஒரு உருவம்கூட உண்டு, தேய்ந்துபோய். நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது யாரும் தடுத்ததில்லை. கல் வழவழப்பாகவும் சூடாகவும் இருக்கும். சித்திரை மாசத்தில் என் அம்மா கூழ் வடகம் ஊற்றுவது அந்தக் கல்மேல்தான். மண்டையோட்டின் பள்ளத்தில் கூழ் தேங்கும் என்று அம்மா அந்த இடத்தை மட்டும் விட்டு ஊற்றுவாள். காக்காய் விரட்ட நானும் ஜுலேகாவும் பெயர் தெரியாத ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்திருப்போம். என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஆளும் இல்லை.

அந்தக் கல்லுக்கு வயது சில நூறு வருஷம்தான். லட்சம் என்று கேரன் சொன்னாள்.

5

சேகரிடம் கேட்டேன். இந்தத் தடவை சோறு போடுவதற்கு முன்னால் கேட்டேன்.

"நான் வரவேற்கிறேன்னு யாரு சொன்னது?"

"நான்தாம்மா சொன்னேன்." டக்கென்று சொல்லிவிட்டான். மறைப்பான் என்று நினைத்திருந்தேன். "போட்டோ போடலாமா, அம்மாக்கு சம்மதமான்னு கேட்டாங்க. சம்மதம்தான்னேன்."

"என்னக் கேக்காம?"

"உன்ன கேட்டு இன்னாம்மா? உனக்கு இதப்பத்தி இன்னா தெரியும்? நீ அங்க இருந்தவ. ஒண்ணும் ஆவல. அதத்தானே போட்டுகிறாங்க, பொய்யா போட்டாங்க?"

அவனுக்கு நெடுஞ்சாலையில் ஒரு சின்ன மோட்டல் இருக்கிறது. மில் மூடிய பிறகு அறைகள் காலியாகவே கிடக்கின்றன. கிடங்கு வந்தால் தோண்டுகிறவர்கள், லாரிக்காரர்கள், என்ஜினியர்கள் என்று ஊர் மறுபடி நிரம்பும். வராவிட்டால் மோட்டலை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போக வேண்டும். இந்த வயதில் அவனும் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னான். நியாயமாகத்தான் சொன்னான்.

"இத்த என்கிட்ட சொல்லி இருக்கலாமே சேகரு."

"சொன்னா நீ இன்னா சொல்லி இருப்ப?"

"தெரியல. ஆனா நான் சொல்லி இருப்பேன் இல்ல?"

அவன் என்னையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அம்மாவுக்கு மருந்துக் கடையில் சொல்கிறான், பாங்கில் சொல்கிறான், டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்றுகூட அவனே சொல்கிறான். அதே மாதிரி இதையும் சொல்லியிருக்கிறான். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என் வாய் அவனிடம்தான் இருந்திருக்கிறது. கொடுத்தது நான்தானா, எப்போது கொடுத்தேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். தாம்பாளம் போன மாதிரிதான் அதுவும் போயிருக்கிறது. கேட்டு யாரும் வாங்கவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை.

நீலக் கோப்பையில் காய்ந்த மிளகாய் போட்டு வைத்திருந்தேன். மிளகாயைக் கொட்டினேன். கோப்பையை நெடி போகத் தேய்த்துக் கழுவினேன்.

6

ஓட்டுக்கு முன்னால் கடைசிக் கூட்டம் கம்பெனியின் தகவல் ஆபீஸில் நடந்தது. சேகரைக் கூட்டிப்போகச் சொன்னேன். என்ன பேசப் போகிறாய் என்று காரில் இரண்டு தடவை கேட்டான். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

உள்ளே நுழைந்ததுமே தாம்பாளம் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மரத் தாங்கியில் நிற்கவைத்திருந்தார்கள். பக்கத்தில் என் போட்டோ. பெயர் வெட்டின பக்கம் மேலே போய், என் வீட்டுக்காரர் பெயர் தலைகீழாக நின்றது. எத்தனை பேர் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இது தலைகீழ் என்று சொல்ல இந்த ஊரில் எங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

நிறையப் பேர் பேசினார்கள். லிண்டா ஏரியைப் பற்றிப் பேசினாள். ரிட்டயரான நர்ஸ் ஒருத்தி எழுந்து, விளக்கை எரித்தது நாம், சாம்பலை அடுத்தவர் வாசலில் கொட்டுவதா, நாமே வைத்துக்கொள்வதுதான் நாணயம் என்றாள். அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

நான் கையைத் தூக்கினேன். மைக்கைக் கொண்டுவந்தார்கள். சேகர் எழுந்து பக்கத்தில் நின்றான்.

"கேரனாண்ட கேளு. அங்க இன்னா இருக்குன்னு பின்னால வர்றவங்களுக்கு எப்டி சொல்லுவீங்கன்னு கேளு. எங்க ஊர்ல கோட்டைக்குள்ள ஒரு கல்லு. அதுல எழுத்து இருந்துது, மண்டையோடு இருந்துது. நாங்க அதுமேல வடகம் காய வெச்சோம். யாருக்கும் படிக்கத் தெரியல. அப்டியே சொல்லு."

அவன் இங்கிலீஷில் ஒரே வரி சொன்னான்.

"சுருக்கிட்ட" என்றேன்.

"அம்மா..."

"கல்லு எங்க? வடகம் எங்க? எனக்கு அவ்ளோ கூடவா இங்கிலீஷ் தெரியாது? முழுசா சொல்லு."

எங்கள் பாஷை புரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். சேகர் கழுத்து சிவந்தது. ஆனால் முழுசாகச் சொன்னான். வடகம் என்றால் என்ன என்றும் சொன்னான். மண்டையோட்டின் பள்ளத்தை விட்டு அம்மா கூழ் ஊற்றினதையும் சொன்னான். அதை நான் சொல்லவே இல்லை. சின்ன வயதில் என்னிடம் கேட்ட கதை அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

கேரன் மழுப்பவில்லை. "நாங்களும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறோம். எழுத்தா, படமா, கல்லா என்று இன்னும் முடிவாகவில்லை. எல்லாரும் மறந்துபோனாலும் யாரும் போய்த் தொட முடியாத ஆழத்தில் வைப்பதுதான் எங்கள் ஏற்பாடு" என்றாள்.

"சரி. இன்னொண்ணு சொல்லு" என்றேன் சேகரிடம். "அந்தத் தாள்ல இருக்கிறது என் சொல்லு இல்லைன்னு சொல்லு. நான் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. எங்க வழக்கத்துல தட்டு குடுத்தா சம்மதம். அது தெரிஞ்சும் யோசிக்காம குடுத்துட்டேன். அதனால என் தட்டு எனக்கு வேணும். இந்தா, அவங்க கோப்ப."

சேகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். சம்மதம் என்று கேரனிடம் சொன்னது அவன்தான், அது கேரனுக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேரையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். அவன் என்னை உட்காரவைத்துவிட்டு வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்கும் முழுசாகப் புரிந்திருக்காது. ஆனால் அவன் வாயிலிருந்து முதலில் வந்த இங்கிலீஷ் வார்த்தைகள் எனக்கு நன்றாகப் புரிந்தன. "என் அம்மாவைக் கேட்காமல் நான்தான் சொன்னேன்" என்றான். பிறகு என் பேச்சைச் சொன்னான், ஒன்றும் விடாமல்.

கேரன் முகம் சிவந்துபோயிற்று. சாவி எடுத்துவந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். கோப்பையை வாங்கிக்கொண்டாள். "அப்படியானால் உங்கள் பதில் வேண்டாம் என்பதா?" என்று கேட்டாள்.

அதற்கு எனக்கு சேகர் தேவைப்படவில்லை. "நாட் யெட்" என்றேன்.

7

ஓட்டுப் போடுகிற இடத்தில் மேஜையில் இருந்த பெண், உதவிக்கு மகன் கூட வரலாம் என்றாள். சேகர் என்னைப் பார்த்தான். "நீ வெளியில இரு" என்றேன். இருந்தான்.

மறைப்புக்குள் நின்று தாளைப் பார்த்தேன். இரண்டு வட்டம். 'யெஸ்', 'நோ'. இரண்டும் பஸ் போர்டைவிடச் சின்ன வார்த்தைகள். பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். உலைக்குப் பயந்து நான் முடிவு செய்யவில்லை. அதன் பக்கத்தில் வாழ்ந்தவள் நான். நர்ஸ் சொன்னதும் ஞாபகம் இருந்தது. மோட்டலின் காலி அறைகளும் ஞாபகம் இருந்தன. ஆனால் என் மகன் என்னைக் கேட்காமல் எனக்காகச் சரி என்று சொன்னபோது, அதுவும் ஒரே வீட்டில் எதிரே உட்கார்ந்திருக்கிறவளைக் கேட்காமல் சொன்னபோது, எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். இன்னும் பிறக்காதவர்களுக்கு, என் பாஷையும் லிண்டா பாஷையும் தெரியப்போகாதவர்களுக்கு, நான் எப்படிச் சரி சொல்வேன்? 'நோ' வட்டத்தை நிரப்பினேன்.

காரில் வரும்போது சேகர் கேட்கவில்லை. நானே சொன்னேன். "நான் வேணாம்னு போட்டேன். நீ?"

"வேணும்னு போட்டேம்மா."

"சரி" என்றேன். எனக்காக இல்லாமல் தனக்காக அவன் வேண்டும் என்று சொல்லி முதல்தடவையாகக் கேட்டேன். வீட்டில் இறங்கியதும் எனக்குக் கை கொடுத்துப் படியேற்றினான்.

லிண்டா மறுநாள் டீக்கு வந்தாள். ஊர் முடிவு வேண்டும் என்றே ஆயிற்று. இன்னும் மற்ற ஊர்கள், பழங்குடி மக்கள் எல்லாரும் சொல்ல வேண்டும், வருஷக்கணக்கு ஆகும் என்கிறார்கள். லிண்டா பலகையைப் பிடுங்கி உள்ளே வைத்திருக்கிறாள். எறியவில்லை.

ஜுலேகாவுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். தட்டு வந்ததைச் சொன்னேன், நான் போட்ட ஓட்டையும் சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.



"உன்ன கேட்டாங்களா?" என்றாள்.

"ஆமாம். ஓட்டு வெச்சாங்க."

"வூட்டுக்கு வந்து, செருப்பக் கழட்டிட்டு வந்து கேட்டாங்களா?"

"ஆமாண்டி. சொன்னேனே."

"இல்லமே, சொம்மா கேக்கிறேன். நான் பொறந்ததுலேர்ந்து இங்கதான் கீறேன். நாலு தெரு தள்ளி உலை. அதுவும் எரிஞ்சிகினுதானே கீது, அதுக்கும் சாம்பல் இருக்கும் இல்ல? எங்கியோ வெச்சிகினு இருப்பாங்க. நல்லாத்தான் வெச்சிருப்பாங்க, நான் ஒண்ணும் சொல்லல. வேணுமான்னு என்ன யாரும் கேட்டதில்ல. கேட்டா வேணும்னுகூட சொல்லி இருப்பேன், யாரு கண்டா? ஆனா கேப்பாங்கன்னே எனக்குத் தெரியாதும்மே. இப்ப நீ சொல்லித்தான் தெரியிது."

அவள் வழக்கம்போலச் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. எத்தனையோ வருஷம் அந்த உலைக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன். எனக்கும் தோன்றியதில்லை. கேட்க வேண்டிய ஒரு விஷயம் அது என்று தெரிந்துகொள்ளவே நான் இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது.

தாம்பாளத்தை நன்றாகத் தேய்த்துவைத்திருக்கிறேன். பெயர் பளிச்சென்று தெரிகிறது. அடுத்த மார்கழியில் ஊருக்குப் போகிறேன், சேகர் டிக்கெட் போட்டுவிட்டான். போனதும் முதல் வேலையாக, அங்கே கிடைக்கிற பச்சை வெற்றிலையாக வாங்கி, பாக்கு, பழம் வைத்து, ஜுலேகா வீட்டுக்குப் போவேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவள் முன்னால் தட்டை வைத்து, அந்த உலையும் சாம்பலும் உனக்கு வேண்டுமா என்று கேட்பேன். நான் கேட்டு ஒன்றும் மாறிவிடாது, அது எனக்குத் தெரியும். அவள் எடுத்துக்கொண்டாலும் சரி, தள்ளிவிட்டாலும் சரி. யோசித்துச் சொல்கிறேன் என்றால், தட்டை அங்கேயே வைத்துவிட்டு வருவேன்.